அரசு ஆஸ்பத்திரியில் தரும் இலவச மாத்திரை கேட்குமா, கடையில் வாங்குவதுதான் நல்லதா?

கேட்கும். 2001-இலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருக்கிறேன் (ஊருக்கு இன்னமும் 'கம்பவுண்டர் சார்'தான்). மருந்து ஜன்னலில் இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. உங்கள் அம்மாவுக்கு பிரஷருக்கும் சுகருக்கும் பி.எச்.சி.யில்தான் மாத்திரை வாங்குவதாகவும், பக்கத்து வீட்டுக்காரர் 'அதெல்லாம் வெறும் சுண்ணாம்பு' என்று சொன்னதில் அம்மா பயந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுண்ணாம்புக் கதை என் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதில் பிரஷர் வந்தது. டாக்டர் அம்லோடிபின் 5 மில்லிகிராம் எழுதினார், காலையில் ஒன்று. எங்கள் நிலையத்திலேயே சீட்டுப் போட்டு மாதாமாதம் நானே கொண்டுவந்து கொடுத்தேன். ஒருநாள் டீக்கடையிலிருந்து வந்தவர் தலை சுற்றுகிறது என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. பிரஷர் பார்த்தால் 100-க்கு 60. "நீ குடுக்குறதத்தானடா முழுங்குறேன்" என்று சாதித்தார். காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையை எடுத்துக் கொட்டினேன். நான் கொடுத்த அட்டை ஒன்று, கடையில் வாங்கிய பளபளப்பான அட்டை ஒன்று. கடை அட்டையில் ஏதோ ஒரு பெயர் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் அம்லோடிபின் 5. இரண்டு மாதமாக இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார்.

"நீ குடுக்குறது ஓசி மாத்திரைடா. அது ஒரு தைரியத்துக்கு. இதுதான் நோய்க்கு" என்றார்.

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போய்க் கடை அட்டையை நிறுத்தியதும் இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஓசி மாத்திரை கேட்காது என்று நம்பியவருக்கு, அது கேட்டதால்தான் தலையே சுற்றியிருக்கிறது.

அந்த ஓசி மாத்திரை ஜன்னலுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால் சந்தேகம் பாதி குறையும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மூத்தவர் பழைய காலத்தைச் சொல்வார். ஆயிரம் மாத்திரை கொண்ட டப்பாவிலிருந்து கையால் எண்ணி, செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுப்பார்களாம். மழைக்காலத்தில் மாத்திரை ஊறிப் பொடியாகும். எது என்ன மாத்திரை, எப்போது காலாவதி என்று வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, 1995 ஜனவரியிலிருந்து மாநிலம் முழுக்க மருந்து வாங்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டது. மொத்தமாக டெண்டர், மாவட்டத் தலைநகரங்களில் கிடங்கு, எல்லாம் அட்டை, ஒவ்வொரு அட்டையிலும் 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்ற அச்சு. கடைக்குத் திருட்டுத்தனமாகப் போகாமல் இருக்கப் போட்ட அந்த அச்சுதான் இன்று பலருக்கு 'மட்டமான சரக்கு' என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

கிடங்குக்கு வரும் மருந்து நேரே எங்களிடம் வராது. ஒவ்வொரு பேட்சிலும் (ஒரே தடவையில் தயாரித்த மருந்துத் தொகுதி) மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ரகசிய எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்து என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. தேறினால்தான் வெளியே வரும். உங்கள் தெருமுனைக் கடைக்கு வரும் ஒவ்வொரு பேட்சையும் அப்படி யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மருந்து ஆய்வாளர் எப்போதாவது வந்து சில மாதிரிகள் எடுப்பதோடு சரி.

எனக்குப் பிடித்தது பாஸ்புக்தான். பேங்க் பாஸ்புக் மாதிரியே இருக்கும். வருஷத்துக்கு இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கீடு. கிடங்கில் எடுக்க எடுக்கக் கழியும். பணம் கையில் வராது, ஆனால் கணக்கு நம்முடையது. காய்ச்சல் சீசன் வருகிறதா, பாராசிட்டமாலும் உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டும் கூட எடு. இருமல் மருந்து தேங்கிக் கிடக்கிறதா, அடுத்த முறை குறை. யாரோ மேலிடத்தில் உட்கார்ந்து அனுப்பியதை வாங்கி அடுக்கிவைத்து, காலாவதியானதும் எழுதித் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. 2011-இல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் கொண்டுவந்தபோது இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் தங்கள் கழகத்தை அமைத்தார்கள்.

குறையே இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். தேறிய பேட்சிலும் பிறகு கோளாறு தெரிந்து 'நிறுத்திவை' என்று உத்தரவு வந்ததுண்டு. அப்படியே எடுத்து மூட்டை கட்டிவிடுவோம். சில மாதம் ஏதாவது ஒரு மாத்திரை கிடங்கிலேயே இருக்காது. முப்பது நாளுக்குக் கொடுக்கவேண்டிய இடத்தில் பத்து நாளுக்குக் கொடுத்து, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறேன். ஒருநாள் கூலியை விட்டு பஸ் ஏறி வருகிற அந்த அம்மாவுக்கு அது இலவச மருந்தே அல்ல. குறை சொல்வதானால் இதைச் சொல்லுங்கள், நான் தலையாட்டுவேன். சுண்ணாம்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சந்தேகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், மாத்திரையின் நிறமும் மாறும். போன மாதம் வெள்ளை, இந்த மாதம் ரோஸ். "சார், இது என் மாத்திரை இல்ல" என்று திருப்பித் தள்ளுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிறம்தானே பெயர்? அவர் மேல் தப்பில்லை, மாறியதை நாங்கள் வாயால் சொல்லிக் கொடுக்கவேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அதுதான் நடப்பதில்லை. அடுத்தது வாடை. சுகர் மாத்திரையான மெட்பார்மினுக்கு இயல்பிலேயே ஒரு மீன் வாடை உண்டு, கெட்டுப்போனதால் வருவதல்ல. எஸ்.ஆர். (மெதுவாக மருந்தை விடும் வகை) என்று போட்டிருந்தால் மருந்து உள்ளே மெதுவாக இறங்கி, கூடு மட்டும் மலத்தில் வெளியே வரும். 'மாத்திரை கரையாமல் முழுசாக வந்துவிட்டது' என்று பதறுவார்கள். கடையில் காசு கொடுத்து வாங்கினாலும் அதே கூடுதான் வரும்.

இத்தனை வருஷத்தில் நான் பார்த்தவரை மருந்து கெட்டுப்போவது ஜன்னலுக்கு இந்தப் பக்கத்தைவிட அந்தப் பக்கத்தில்தான் அதிகம். சுகர் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவார்கள். மாத்திரையால்தான் சரியாக இருக்கிறது என்பது ஏறாது. புருஷனுக்கு எழுதியதை மனைவியும் போட்டுக்கொள்வார். பாக்கெட்டில் வைக்க வாகாக அட்டையை நறுக்குவார்கள், காலாவதித் தேதி இருந்த முனை குப்பைக்குப் போகும். ஆன்டிபயாடிக்கை ஐந்து நாளுக்குக் கொடுத்தால் இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பார்கள். கடைகளில் 'செட் மாத்திரை' என்று ஒன்று தருகிறார்களே, சீட்டு இல்லாமல் இரண்டு வேளைக்கு நாலைந்து மாத்திரையைக் கலந்து கவரில் போட்டு? அதில் ஆன்டிபயாடிக்கும் ஒன்று கிடக்கும். பல ஆன்டிபயாடிக்குகளை எச்1 அட்டவணையில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று 2014-இலேயே விதி வந்துவிட்டது. விதி வந்தது, கவர் போகவில்லை.

நல்லபடி செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத ஒரு அம்மா, பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டி வைத்து, இன்சுலின் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். தினமும் இரண்டு வேளை மணலில் தண்ணீர் தெளிப்பாராம். நர்ஸ் ஒருமுறை சொன்னதை வருஷக்கணக்காக விடாமல் செய்கிறார்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு எங்கள் பக்கம் ஒரு மாற்றம் தெரிகிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் பெண்கள் உள்ளூர்க்காரர்கள். "போன மாசத்து அட்டையில இன்னும் எட்டு மிச்சம் இருக்கே, ஏன் பெரியம்மா?" என்று வாசலில் நின்று கேட்க அவர்களால் முடியும். ஜன்னலுக்குள் இருந்து என்னால் முடியாது.

நிலையத்தில் இல்லாத மாத்திரையை டாக்டர் வெளியே எழுதினால் குறைந்த விலைக்கு விற்கும் மக்கள் மருந்தகத்திலோ (மத்திய அரசுத் திட்டம்) முதல்வர் மருந்தகத்திலோ (மாநில அரசுத் திட்டம்) கேட்டுப் பாருங்கள். முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் திறந்தார்கள், உங்கள் ஊர்ப்பக்கமும் ஒன்று இருக்கலாம். எந்தக் கடையானாலும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு எறும்பு எழுத்தைப் படியுங்கள்.

அம்மாவிடம் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தச் சொல்லவேண்டாம். வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும், தைலம் லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு மருந்து ஜன்னலிலும் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.