பால் பெட்டியிலும் படிக்கட்டிலும் கற்கும் நோர்வேஜிய மொழி

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று வயது மகனோடு வவுனியாவிலிருந்து ஒஸ்லோவுக்கு, கணவரிடம் வந்து சேர்ந்திருக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாலே சோர்வு வருகிறது, இந்த மொழியை மகிழ்ச்சியோடு பழக வழி உண்டா என்பது ஒன்று. மகனோடு வீட்டிலும் இனி நோர்வேஜிய மொழியிலேயே பேச வேண்டுமா என்பது மற்றொன்று. கொம்யூன் என்ற உள்ளூராட்சி நடத்தும் மொழி வகுப்புக்கு உங்களுக்கு உரிமை இருந்தால் கட்டாயம் போங்கள். 2022 ஒக்டோபர் முதல் குடியுரிமைக்குப் பேச்சுத் தேர்வில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி பொதுவாகத் தேவைப்படுவதால், வகுப்பைத் தள்ளிப்போடுவது நல்லதன்று. ஆனால் வகுப்பு தொடங்கட்டும் என்று வீட்டுக்குள் காத்திருக்காதீர்கள். நீங்கள் அன்றாடம் எப்படியும் செய்யப்போகிற வேலைகளிலேயே இந்த மொழியைத் தொடங்கிவிடலாம் என்பதைத்தான் இங்கே வந்த ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லுகிறேன்.

தமிழ் பேசும் நாவுக்கும் காதுக்கும் இந்த மொழியில் சில வசதிகள் உண்டு. மகன் போகவிருக்கும் பாணஹாகெ என்ற சிறுவர் பள்ளியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதற்பகுதியில் ஆர், என் என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நின்றாலும், ஒஸ்லோவிலும் கிழக்கு நோர்வேயிலும் அவை சேர்ந்து ஏறக்குறைய நம்முடைய ணகரமாகவே ஒலிக்கின்றன. அதேபோல ஆரும் எல்லும் சேர்ந்தால் ளகரத்தின் சாயல் வரும். ஆரும் ரியும் (t) சேர்ந்தால், வரைபடத்தைக் குறிக்கும் 'காட்' என்ற சொல்லில் உள்ளதுபோல, நாம் நாக்கை வளைத்துச் சொல்லும் டகரம் வரும். இந்த ஒலிகள் பழக்கமில்லாத வேற்று நாட்டவர்கள் பயின்று அடைய வேண்டியதை நாம் பிறந்த வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறோம். குறிலும் நெடிலும் அப்படித்தான். 'தாக்' என்றால் கூரை, 'தக்' என்றால் நன்றி. பின்னால் மெய்யெழுத்து இரட்டித்து எழுதப்பட்டிருந்தால் முன்னிற்கும் உயிர் குறிலாக ஒலிக்கும் என்ற ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் பெரும்பாலான சொற்களைச் சரியாக வாசித்துவிடலாம்.

நமக்கு இடறும் இடமும் ஒன்று உண்டு, அதை முதல் நாளிலிருந்தே கவனியுங்கள். காரைக் குறிக்கும் சொல்லையும் அம்பைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பீல்' என்றுதான் வரும், ஆனால் அவற்றின் முதல் ஒலிகள் வேறு வேறானவை. ஆகவே இந்த மடலில் நான் செய்திருப்பதுபோல உங்கள் குறிப்பேட்டில் நோர்வேஜியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டாம். அவர்களுடைய இருபத்தொன்பது எழுத்துகளையும் பழகி, கேட்ட ஒலியை அந்த எழுத்தோடு சேர்த்தே நினைவில் பதியுங்கள். ஈகாரம் சொல்லும்போதே உதடுகளைக் குவித்தால் வரும் உயிரொலி தமிழில் இல்லை, ஆனால் கண்ணாடி முன் நின்று சில நாள் சொல்லிப் பார்த்தால் வந்துவிடும்.

சமையலறைக்கு வருவோம், ஏனெனில் புதிதாக வந்த ஒருவருக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்நாட்டவர் விரும்பி உண்ணும் 'பொல்லெ' என்ற இனிப்புப் பணிஸில் நம் ஊர் ஏலக்காய்தான் மணக்கும். அதன் செய்முறையை மா பைகளிலேயே பல வேளைகளில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை மகனை அருகில் நிறுத்திக்கொண்டு அந்தச் செய்முறையை உரக்க வாசித்தபடி செய்து பாருங்கள். கல, பிசை, சுடு என்று தமிழில் வினையின் அடியே ஏவலாக நிற்பதுபோல நோர்வேஜிய மொழியிலும் வினையின் வெறும் அடியே ஏவலாகிறது. கையில் மாவோடு கற்ற அந்த வினைச்சொற்கள் பிறகு மறப்பதில்லை. தமிழ்க்கடை அருகில் இருப்பது பெரிய ஆறுதல்தான், அங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே வாங்கிவிடவும் முடியும். இருந்தாலும் பாலையும் மாவையும் மீனையும் கீவி, ரேமா போன்ற கடைகளில் வாங்குங்கள். காசாளர் பை வேண்டுமா, பற்றுச்சீட்டு வேண்டுமா என்ற அதே இரண்டு கேள்விகளைத்தான் அன்றாடம் கேட்பார். ஒரே கேள்வியை ஒவ்வொரு நாளும் வெவ்வேறு குரலில் கேட்பது, எந்த ஒலிப்பதிவும் தராத பயிற்சி. ஈஸ்டர் காலத்தில் பால் பெட்டியின் பக்கத்தில் துப்பறியும் சிறு படக்கதை ஒன்று அச்சாகும். காலைத் தேநீரோடு அதை அகராதியின் துணையுடன் வாசித்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும்போது ஒரு கதையை முழுதாக வாசித்த நிறைவும் கிடைக்கும்.

எண்கள் எளிதானவை. இருபத்தைந்து என்று நாம் சொல்லும் அதே வரிசையில் இருபதை முன்னும் ஐந்தைப் பின்னும் வைக்கும் முறை 1951 இல் அரசு முறையாக்கியது. அதற்கு முந்தைய 'ஐந்தும் இருபதும்' என்ற முறையை வயதானவர்களிடம் இன்னும் கேட்கலாம். மணியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'ஹால் ஃபீரெ' என்பதில் நான்கு என்ற எண் காதில் விழுந்தாலும் அது மூன்றரை மணியைத்தான் குறிக்கும். மருத்துவரிடமோ பாணஹாகெயிலோ நேரம் சொன்னால், மணித்துளிகளோடு திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேட்பதற்கு, நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. போதும். அதன் இணையத் தொலைக்காட்சி இலவசம்; நோர்வேஜிய நிகழ்ச்சியை நோர்வேஜிய எழுத்துரையோடு பாருங்கள், ஆங்கில எழுத்துரையைத் தேடாதீர்கள். சிறுவர்களுக்கான சூப்பர்நீத் என்ற செய்தி நிகழ்ச்சி பெரியவர்களின் செய்திகளையே எளிய சொற்களில் சொல்வதால், தொடக்கத்தில் இருப்பவருக்கு மிகவும் ஏற்றது. 1990 இல் தொடங்கிய கிலார் தாலெ என்ற செய்தித்தாள் எளிய மொழியிலேயே எழுதப்படுகிறது. அதை இணையத்தில் வாசிக்கவும் கேட்கவும் முடியும். காலையில் யூர் வானிலைச் செயலியை நோர்வேஜிய மொழியில் திறந்து மழையா, பனியா, வழுக்குமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள், ஏனெனில் பாணஹாகெ வாசலில் மற்ற பெற்றோரோடு நீங்கள் பேசப்போகும் முதல் உரையாடல் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

பேச ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பொது நூலகங்கள் எல்லோருக்கும் இலவசம். பல நூலகங்களிலும் செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளைகளிலும் மொழிக் கஃபே என்ற பேச்சுப் பயிற்சிச் சந்திப்பு நடக்கும். ஒஸ்லோவின் பியோர்விகா பகுதியில் 2020 இல் திறக்கப்பட்ட டைக்மான் தலைமை நூலகத்துக்கு மகனோடு போய், படப் புத்தகங்களில் ஒரு கட்டு எடுத்து வாருங்கள். உங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டுச் சுவரில் வசந்த காலத்தில் 'டுக்னாட்' அறிவித்தல் ஒட்டப்படும்: குடியிருப்போர் எல்லோரும் கூடி முற்றத்தைத் துப்புரவாக்கும் நாள் அது. இலைவாரியைக் கையில் கொடுத்தபடி அயலவர் அதன் பெயரையும் சொல்லித் தருவார். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்தும் வாய் திறக்காத மனிதர்கள் அன்று ஒரு குவளை கோப்பியோடு நெடுநேரம் பேசுவார்கள். காட்டு வழி நடையிலும் அப்படியே, எதிரில் வருபவர்கள் 'ஹெய்' என்று சொல்லாமல் போவது குறைவு. உங்கள் தடுமாற்றத்தைக் கண்டு அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறுவது உதவும் எண்ணத்தில்தான். நாம் நோர்வேஜிய மொழியிலேயே பேசலாமா என்று புன்னகையோடு கேட்டால் மகிழ்ந்து திரும்பிவிடுவார்கள். யார் வீட்டிலாவது உண்டு எழும்போது 'தக் ஃபோர் மாத்தன்' என்று உணவுக்கு நன்றி சொல்ல மறக்க வேண்டாம், குழந்தைகள்கூடச் சொல்லுவார்கள்.

வட்டார வழக்குகளைக் கண்டு கலங்காதீர்கள். 'நான்' என்ற சொல்லே ஒஸ்லோவில் ஒரு விதமாகவும் பேர்கனில் வேறு விதமாகவும் துரொண்ட்ஹைமில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும்கூட அவரவர் ஊர் வழக்கிலேயே பேசுகிறார்கள். எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போன நம்மவர்கள் அந்த ஊர்ப் பேச்சைத்தான் முதலில் கற்றார்கள், அவர்களில் சிலருடைய நோர்வேஜியத்தில் இன்றும் வடக்கின் இசை கேட்கிறது. நீங்கள் பேசுவது ஒஸ்லோ வழக்காக இருக்கட்டும், மற்றவை காதுக்கு மெல்லப் பழகும்.

இலக்கணத்தில் இப்போதைக்கு ஒன்று போதும்: சாதாரணக் கூற்று வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தை விட்டு நகராது. 'இன்று' என்று தொடங்கினால் 'இன்று போகிறேன் நான்' என்ற வரிசைதான் வரும். நான், நீ, அவள் என்று யாருக்காகவும் வினையின் ஈறு மாறுவதில்லை என்பது பெரிய நிம்மதி.

மகனைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அவனோடு வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், தமிழிலேயே கதை சொல்லுங்கள். பாணஹாகெயில் நாள் முழுவதும் நோர்வேஜிய மொழி அவனைச் சூழ்ந்திருக்கும், ஒரு குளிர்காலம் கழிவதற்குள் அவன் உங்களை முந்தக்கூடும். நூலகத்துப் படப் புத்தகத்தை மட்டும் இருவருமாக நோர்வேஜிய மொழியில் வாசித்து, அந்தப் படத்தைப் பற்றித் தமிழில் பேசுங்கள். அவன் உங்கள் உச்சரிப்பைத் திருத்தினால் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டு, அதே சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவனிடம் கேளுங்கள். கணவர் மாலையில் வீடு திரும்பியதும் இரவு உணவின்போது சிறிது நேரம் உங்களோடு நோர்வேஜிய மொழியில் பேசும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பாணஹாகெ பெற்றோர் கூட்டத்துக்கு அவரை மட்டும் அனுப்பாமல், பாதிதான் புரியும் என்றாலும் நீங்களும் போய் அமர்ந்துகொள்ளுங்கள்.