இன்க்ஜெட் தலை தயாரிப்பு முறை: "புத்தாக்கப் படி இல்லை" என்ற ஆட்சேபத்துக்கு

வணக்கம் சகோதரம். ஹட்டனிலிருந்து நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். இன்க்ஜெட் தலையை (அச்சுப்பொறியில் மையைத் துளியாகத் தெளிக்கும் பாகம்) செய்யும் உங்கள் முறைக்கான ஆக்கவுரிமை (patent) விண்ணப்பத்தில் புத்தாக்கப் படி இல்லை, அதாவது துறை தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதே, என்று பரிசோதகர் ஆட்சேபித்திருக்கிறார். அவர் காட்டிய இரண்டு பழைய ஆவணங்களில் முதலாவதில், கரையும் பிசினால் மை ஓடைக்கு அச்சு (வார்ப்பு வடிவம்) அமைத்து, மேலே எபொக்சி (இறுகும் பிசின்) பூசி, துவாரம் எடுத்து, கடைசியில் அச்சைக் கரைத்து வெளியேற்றுகிறார்கள். எபொக்சிக்கு முன் அச்சைச் சூடாக்குவது இரண்டாவதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் உங்கள் முதலாம் உரிமைக்கோரல் (எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகம்) அப்படியே வந்துவிடும். அதிலுள்ள "தகுந்த வெப்பநிலையில்" என்ற சொல்தான் உங்களைக் கவிழ்க்கிறது.

விவரணத்தில் (விண்ணப்பத்தில் முறையை விளக்கும் பகுதி) 110–120 பாகை செல்சியஸ், 10 நிமிடம் என்று இருக்கிறதல்லவா? அதை உரிமைக்கோரலுக்குள் ஏற்றுங்கள். குறிப்புக் கொப்பியில் மட்டும் உள்ள எண்களைத் தொடவேண்டாம். தாக்கல் செய்தபோது இல்லாத விடயத்தைப் பிறகு நுழைக்க முடியாது.

ஆனால் அந்த இரண்டாம் ஆவணம் 80–150 என்று அகலமாகச் சொல்வதால், எண் மட்டும் போதாது; உங்கள் எல்லைக்குள்தான் நல்ல பலன் வருகிறது என்று காட்டவேண்டும். சூடு குறைந்தால் எபொக்சியின் கரைப்பான் அச்சின் மேல்விளிம்பைத் தின்று, மை அறையின் மூலை மழுங்கும். அறையின் கனவளவு மாற, துளியின் அளவும் மாறும். 100, 115, 130 பாகையில் செய்த தலைகளை வெட்டி, குறுக்குவெட்டுப் படங்களை ஒரே உருப்பெருக்கத்தில் பக்கம்பக்கமாக வையுங்கள். 130இல் அச்சு முழுதாகக் கரையாமல் துவாரத்தில் எச்சம் நின்றால் அதை மறைக்காதீர்கள், மேல் எல்லைக்கு அதுவே நல்ல சாட்சி.

உரிமைக்கோரலின் படிகளுக்கிடையே "அதன் பின்னர்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் எந்த ஒழுங்கிலும் வாசிப்பார்கள். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புவதானால் பதிவுத் தபாலே நல்லது, பரிசோதகரின் கடிதத்தில் பதிலுக்குக் கொடுத்த திகதிக்குப் பல நாட்கள் முந்தியே.