ஐசியுவுக்கே ஒரு லாகினா? மருத்துவமனைக் கணக்குகள் பற்றிக் கேள்வி பதில்

கிளினிக் மேலாளர், திருமங்கலம்: மாதம் ஒருமுறை எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்கிறேன். சரிதானே சார்?

வேண்டாம். பழைய பாஸ்வேர்டின் வாலில் மாதத்தின் பெயரைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். கசிந்திருந்தால் மட்டும் மாற்றினால் போதும் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. நீளமாக வைக்கச் சொல்லுங்கள். அதைவிட அவசரம், வேலையை விட்டவரின் கணக்கை அன்று மாலையே மூடுவது.

ஐசியு செவிலியர், அண்ணா நகர்: இரவு ஷிப்டில் எல்லோரும் ‘ஐசியு1’ என்ற ஒரே லாகினில்தான் பதிகிறோம். தவறா?

தவறுதான் சிஸ்டர். மருந்தின் அளவு மாறிப் பதிவானால் யார் எப்போது என்ன செய்தார் என்று கணினி வைத்திருக்கும் பதிவு, அதாவது லாக், ‘ஐசியு1’ என்று மட்டுமே காட்டும். விசாரணை வந்தால் அன்றைக்குப் பணியில் இருந்த அத்தனை பேரும் கைகட்டி நிற்க வேண்டும்.

அதே செவிலியர்: நோயாளி மூச்சுக்குத் திணறும்போது பாஸ்வேர்டு அடிக்கச் சொல்கிறீர்களா? ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

கோபம் நியாயம்தான். அந்த நேரத்தில் யாரும் கணினியைத் தொட வேண்டாம். ஆளைக் காப்பாற்றுங்கள், அப்புறம் உங்கள் பெயரில், மருந்து கொடுத்த நேரத்தைப் போட்டுப் பதியுங்கள். அவசரத்துக்கு யார் ரெக்கார்டையும் திறக்க ஒரு வழி வைக்கலாம்: காரணத்தைக் குறித்தால் உடனே திறக்கும், மறுநாள் ஒருவர் அதைச் சரிபார்ப்பார். சரிபார்க்க ஆள் போடவில்லை என்றால் அந்த வழியே வேண்டாம். மற்ற நேரத்துக்கு அடையாள அட்டையைத் தட்டினால் திறக்கும் வசதி இருக்கிறது.

மருத்துவர், மேலூர்: சிஸ்டர் சொல்வதே சரி. மூன்று நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்கிறது. பூட்டே வேண்டாம் என்கிறேன்.

சிஸ்டர் கேட்டது வேகம். நீங்கள் கேட்பது விதிவிலக்கு, டாக்டர். ஆபரேஷன் தியேட்டருக்குள் நேரத்தைக் கூட்டலாம். ஓபி வராந்தாவில் கூடாது.

மருத்துவமனை மேலாளர், மதுரை: சித்திரைத் திருவிழாவுக்குத் தற்காலிக ஆட்கள் எடுக்கிறோம். அவர்களுக்கு?

கணக்கைத் தொடங்கும்போதே முடியும் தேதியையும் போட்டுவிடுங்கள். போனவர்கள் கணக்கு அன்று மாலையே மூட வேண்டும் என்றேனே, அது தானாக நடக்கும்.

லேப், உசிலம்பட்டி: சின்ன லேப். எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?

2022 நவம்பரில் சைபர் தாக்குதலில் டெல்லி எய்ம்ஸ் கணினிகள் முடங்கி, நாள்கணக்கில் காகிதமும் பேனாவுமாக ஓடியது. ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தகவல் தர வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதே ஆண்டு ஏப்ரலிலேயே உத்தரவு போட்டிருந்தது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

திண்டுக்கல்: பாஸ்வேர்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

திருமங்கலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சிவகங்கை: ஆபா எண் மறந்துவிட்டது.

அது நோயாளிக்கு அரசு தரும் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண், ஊழியர் லாகின் அல்ல. ஆபா இணையதளத்தில் கேளுங்கள்.

ஐசியு செவிலியர்: அட்டை எல்லாம் எங்கள் நிர்வாகம் வாங்கித் தராது சார். ஆளுக்கொரு கணக்குக்கே காசு இல்லை என்கிறார்கள்.

அப்படி வாருங்கள்! பல மென்பொருள்கள் பயனருக்கு இவ்வளவு என்று வசூலிக்கின்றன. இந்தப் பொது லாகின் பல இடங்களில் முளைத்ததே அதனால்தான். ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்ற கணக்கில் உரிமம் தருபவர்களும் உண்டு. அதில் ஷிப்டுக்கு ஐந்து பேர் என்றால் ஐந்து உரிமம் போதும், கணக்கு இருபது இருக்கலாம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் முன் மேலாளரிடம் இதை எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.