அம்மாவின் காலைப் பார்க்க வருபவர் யார்?

கேள்வி: பத்து வருடமாக அம்மா என்னோடு லண்டனில்தான் இருக்கிறார். 71 வயது, நாள்பட்ட சர்க்கரை. குனிந்து நகம் வெட்ட முடியாததால் ஒரு பெண் மாதாமாதம் வீட்டுக்கு வந்து நகம் வெட்டி, கால் ஆணியையும் பிளேடால் செதுக்கிவிட்டுப் போகிறார். அம்மாவுக்கு அவர் 'டாக்டரம்மா'. ஆனால் கார்டில் 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' என்று போட்டிருக்கிறது. பொடியாட்ரிஸ்ட் என்பதும் இதுவும் ஒன்றுதானா?
- வாசகி, ஹாரோ

பதில்: இல்லைங்க, ஒன்றில்லை. பிரிட்டனில் பொடியாட்ரிஸ்ட், கைரோபடிஸ்ட் இரண்டும் கால், பாதக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் ஒரே தொழிலின் பெயர்கள், இரண்டுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஹெச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் இல்லாத ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் குற்றம். பதிவு பெற அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்பு வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், தவறு செய்தால் பதிவேட்டிலிருந்து நீக்கவும் முடியும். 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' என்ற பெயருக்கு இதெல்லாம் கிடையாது. குறுகிய காலப் பயிற்சி முடித்தவரும் போடலாம், ஒன்றுமே படிக்காதவரும் போடலாம். கவனமாக, சுத்தமாக வேலை செய்பவர்கள் அவர்களிலும் நிறையப் பேர் உண்டு, அதனால் உங்கள் வீட்டுக்கு வருபவரை நான் குறை சொல்லவில்லை.

முன்பு நிலைமை இன்னும் மோசம். 1960ஆம் வருடச் சட்டம் 'ஸ்டேட் ரெஜிஸ்டர்ட்' (அரசுப் பதிவு பெற்றவர்) என்ற அடைமொழியை மட்டும் காத்ததால், வெறும் 'கைரோபடிஸ்ட்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். 2003இல் புதிய பதிவேடு வந்து, ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள் சேர இரண்டு வருடம் அவகாசம் கொடுத்த பிறகுதான் அந்தப் பெயர்களுக்குப் பூட்டு விழுந்தது. ஆனால் பூட்டியது பெயரைத்தான். பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டு அதே பிளேடை எடுத்து அதே காலைச் செதுக்க இன்றைக்கும் தடை இல்லை, சர்க்கரை நோயாளியின் காலாக இருந்தாலும்கூட. இது எனக்குப் பெரிய தப்பாகவே படுகிறது.

ஏன் என்றால், சர்க்கரையால் மரத்துப்போன காலில் வலி தெரியாது. காய்ப்புக்கு அடியில் கடுகளவு கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, புண் தொடங்குகிறது என்று அர்த்தம். பழகிய கண் அதைப் பார்த்ததும் உஷாராகிவிடும், பழகாத கை அதையும் ஆணி என்று நினைத்துச் செதுக்கிவிடும். அம்மா 'ஒன்றும் வலிக்கலையே' என்றுதான் சொல்லுவார்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அந்தப் பெண்ணிடம் ஹெச்.சி.பி.சி. எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இந்தத் தொழிலுக்கு 'சி.ஹெச்.' என்று தொடங்கும். எண்ணோ பெயரோ இருந்தால் ஹெச்.சி.பி.சி.யின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை. பதிவு இல்லையென்றால் பிளேடு வேண்டாம் என்று நயமாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், அம்மாவுக்கு இந்த வருடக் கால் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு வருடா வருடம் என்.ஹெச்.எஸ்.ஸில் (அரசு மருத்துவ சேவையில்) இலவசம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், நாடியும் பார்ப்பார்கள். ஆபத்து குறைவு என்று அவர்கள் சொன்னால் நகம் வெட்ட இந்தப் பெண்ணே தொடர்ந்து வரட்டும். இடையில் புண், சிவப்பு, வீக்கம், சூடு என எது கண்ணில் பட்டாலும் அவருடைய அடுத்த வருகைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஜி.பி.க்கு போன் போடுங்கள்.