நிகோடின் சூயிங்கம் உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி: தினமும் 15 சிகரெட் பிடிக்கிறேன். கண் விழித்ததும் முதல் சிகரெட். விட்டுவிட நினைத்து 2 மி.கி. நிகோடின் சூயிங்கம் மென்றேன். தொண்டை எரிச்சலும் விக்கலும்தான் வந்தன, நிறுத்திவிட்டேன். ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதானே இது?

பதில்: அதைச் சாதாரண சூயிங்கம் போலத் தொடர்ந்து மென்றிருப்பீர்கள். அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். குமட்டலும் விக்கலும்தான் மிஞ்சும். மருந்து ஏற வேண்டியது கன்னத்தின் உட்பக்கம் வழியாக. மெதுவாக மெல்லுங்கள். காரம் சுரீரென்று தட்டியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளுங்கள். காரம் அடங்கினால் மறுபடி சில முறை மென்று, அப்புறம் வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். மெல்லும்போதும் அதற்கு 15 நிமிடம் முன்பும் காபி, பழச்சாறு, குளிர்பானம் வேண்டாம். வாயில் அமிலம் இருந்தால் நிகோடின் சரியாக ஏறாது.

அளவும் உங்களுக்குக் குறைவு. எழுந்த 30 நிமிடத்துக்குள் புகைப்பவர்களுக்கு 4 மி.கி.தான் சரி. முதல் 6 வாரம், ஏக்கம் முற்றும்வரை காத்திராமல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மெல்லுங்கள். பலர் தோற்பது குறைவாக எடுத்து, சீக்கிரமே நிறுத்திவிடுவதால்தான்.

போதை பற்றிய உங்கள் பயம் நியாயமானதே. சிலர் மாதக்கணக்கில் சூயிங்கத்தை விட முடியாமல் இருக்கிறார்கள். ஆனால் சிகரெட்டின் நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. அடிமைப்படுத்துவது அந்த வேகம். சூயிங்கத்தில் அது மெதுவாக ஏறுவதால் பழக்கமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. நுரையீரலையும் இதயத்தையும் கெடுக்கும் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் கிடையாது.

விக்கல் தொடர்ந்தால் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் இருக்கிறது. உங்கள் கணக்குக்கு 21 மி.கி.யில் தொடங்கி, 14, 7 என்று இறக்கலாம். தினமும் இடம் மாற்றி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தோல் அரிக்கும். விசித்திரமான கனவுகள் வந்தால் இரவில் எடுத்துவிடலாம். பேட்ச்சோடு, ஏக்கம் வரும்போது மட்டும் சூயிங்கமும் சேர்ப்பது தனியாக ஒன்றை எடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது. அந்த அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது.

இவை புகைப்பதை விடும் வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகின்றன. உறுதி உங்களுடையதாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். அடுத்த சிகரெட்டைத் தவிர்த்துவிட்டு அப்படியே தொடருங்கள்.