சுகர் ஃப்ரீ சாக்லேட் சாப்பிட்டால் வயிறு ஏன் கடமுடா என்கிறது?

சர்க்கரை இல்லாத சாக்லேட், மிட்டாய்களில் பெரும்பாலும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்றவைதான் இனிப்புக்குச் சேர்க்கப்படுகின்றன. இவற்றைச் சர்க்கரை ஆல்கஹால் என்பார்கள். பெயரில் மட்டும்தான் ஆல்கஹால், போதையெல்லாம் ஏறாது.

சாதாரணச் சர்க்கரையைச் சிறுகுடல் மிச்சமில்லாமல் உறிஞ்சிவிடும். இவற்றில் ஒரு பகுதியைத்தான் அதனால் உறிஞ்ச முடியும், மீதி அப்படியே கீழே இறங்கும்போது சுற்றியுள்ள தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால் கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் கட்டிவிடுகிறதே, அதே கதைதான். பேதி அதனால் வருகிறது. அப்புறம் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் மிச்சத்தைத் தின்று வாயுவைக் கிளப்பும், இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்குவதுபோல.

ஒன்றிரண்டு துண்டு பலருக்கு ஒன்றும் செய்யாது. நான் ஒருமுறை பஸ் பயணத்தில் அரை பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த நிறுத்தம் எப்போது வரும் என்று வியர்த்துக் கொண்டிருந்தேன், அந்தக் கதை வேண்டாம். இதே வகையைச் சேர்ந்த எரித்ரிட்டால் மட்டும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் தொல்லை குறைவு. சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகள் வேறு ரகம், கடுகளவே போதும் என்பதால் இப்படித் தண்ணீரை இழுக்காது.

சுகர் ஃப்ரீ என்றால் கலோரியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி என்றால் மால்டிட்டாலில் சுமார் 2 இருக்கிறது, சாக்லேட்டின் கொழுப்புக் கணக்கு தனி.