இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாஸ்டன் அருகே வசிக்கிறேன். என் கணவர் அமெரிக்கர். அவருடைய முன்னோர் ஒருவர் அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் போரிட்டவர் என்று மாமியார் சொல்வார். என் மகளுக்காக அந்த மனிதரின் வாழ்க்கையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இணையத்தில் கிடைத்த வம்சாவளியை இணைத்திருக்கிறேன். அவர் டெலவேர் ஆற்றைக் கடந்தவர்களில் ஒருவர் என்பதை எப்படி நிறுவுவது? மரபணுச் சோதனை உதவுமா?

எம்.

அன்புள்ள எம்.,

மகளுக்காக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன். மரபணுச் சோதனை யாருக்கு யார் உறவு என்று சொல்லும், எவர் எந்தப் படையில் நின்றார் என்று சொல்லாது, அதை விடுங்கள். டெலவேரையும் விடுங்கள். 1776 கிறிஸ்துமஸ் இரவில், எதிரிப் படையைத் திடீரெனத் தாக்க, அந்த ஆற்றை வாஷிங்டனுடன் கடந்தவர்கள் சுமார் 2,400 பேர். கடந்ததாக இன்று வீட்டுக்கு வீடு சொல்லப்படும் முன்னோர்களையெல்லாம் ஏற்றியிருந்தால் படகுகள் அன்றே மூழ்கியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய வம்சாவளியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. 1777 அக்டோபர் 4ஆம் தேதி பிலடெல்பியாவை ஒட்டிய ஜெர்மன்டவுனில் போரிட்டவர், மூன்றே நாளில் நியூயார்க்கின் வடக்கே சரடோகாப் போர்க்களத்தில் எப்படி நின்றிருக்க முடியும்? ஒரே பெயர் கொண்ட இருவரை யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள். நீங்களும் வரைபடத்தைத் திறந்து பாராமல் எடுத்துக்கொண்டீர்கள். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்று கண்டதும் தந்தை, மகன் என்று எழுதியிருப்பதும் அதே அவசரம்தான். அக்காலத்து நியூ இங்கிலாந்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த மூத்தவரையும் இளையவரையும் பிரித்துச் சொல்லவும் அந்தச் சொற்கள் பயன்பட்டன; அவர்கள் சித்தப்பனும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம்.

நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு சாதாரணச் சிப்பாயைப் போர்க்களத்தில் தேடினால் சம்பளப் பட்டியலில் ஒரு பெயராக மட்டுமே கிடைப்பார். அதுவும் பல சமயம் கிடைக்காது, ஏனென்றால் 1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகத்தில் பிடித்த தீயில் பழைய பதிவுகள் எரிந்துபோயின. அவர் முழு மனிதராகக் கண்ணில் படுவது கிழவரான பிறகு, ஓய்வூதியத்துக்காக நீதிபதியின் முன் நிற்கும்போதுதான். 1818ஆம் ஆண்டுச் சட்டம் வறுமையில் வாடும் பழைய சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் தந்தது. கேட்டு வந்தவர்களின் கூட்டத்தைக் கண்டு மிரண்ட அரசு, 1820இல், உடுத்தும் துணியும் படுக்கையும் நீங்கலாக உள்ள உடைமை அனைத்தையும் சத்தியம் செய்து எழுதித் தரச் சொன்னது. போதிய ஏழையல்ல என்று கருதப்பட்டவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன.

சில ஆண்டுகளுக்கு முன், நூலகம் ஒன்றின் நுண்படக் கருவியில் கண் வலிக்க வலிக்க அந்த ஓய்வூதிய விண்ணப்பக் கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். 15 வயதில் படையில் சேர்ந்து போரின் கடைசிப் பெரும் சண்டையான யார்க்டவுன் வரை கண்ட ஜோசப் பிளம் மார்ட்டின், ஏறத்தாழ 60 வயதில் தமக்கு இருப்பதாகச் சொன்னது இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி. மேற்கொண்டு சுருளை நகர்த்த எனக்குக் கை வரவில்லை. ஒரு தேசத்தை உண்டாக்கியவன் என்று மேடைதோறும் புகழப்பட்ட தலைமுறையின் ஆள், தன் பன்றியை நீதிமன்றத்தில் எண்ணிக் காட்டுகிறார். வாளும் கொடியும் வரைந்த சட்டகத்துக்குள் உங்கள் முன்னோரை மாட்டிவைக்க நினைக்கிறீர்களே, அதற்கு முன் அவர் வீட்டில் எத்தனை மாடு இருந்தது என்று தேடுங்கள். எண்பதாயிரம் அளவிலான கோப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1832ஆம் ஆண்டுச் சட்டப்படி விண்ணப்பித்திருந்தால் வறுமையை நிரூபிக்க வேண்டியிருந்திருக்காது. ஆனால் எந்தத் தளபதியின் கீழ், எந்த ஊர் வழியாக, எத்தனை மாதம் நடந்தார் என்பதைத் தம் வாயாலேயே சொல்லியிருப்பார். மறதியும் பிழையும் அதில் இருக்கும். இருக்கட்டும், குரல் அவருடையது.

கடைசியாக ஒன்று. 1836க்குப் பிறகு விதவைகளும் விண்ணப்பித்தார்கள். திருமணத்துக்கு வேறு சான்று இல்லாதவர்கள், பிறப்பும் மணமும் இறப்பும் எழுதிவைத்திருந்த குடும்ப பைபிளின் நடு ஏட்டைக் கிழித்து வாஷிங்டன் நகருக்கு அனுப்பினார்கள். பல ஏடுகள் இன்றும் அந்தக் கோப்புகளிலேயே கிடக்கின்றன. மாமியாரிடம் பழைய பைபிள் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.